தரையில் சேதம்: முன்பணத்தில் எவ்வளவு பிடிக்கலாம்?

பிரிக்பீல்ட்ஸ் கோண்டோவோ கிள்ளான் தாமான் வீடோ, வாடகைக்கு விடும்போது பெரும்பாலும் இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். தண்ணீர், மின்சாரத்துக்கு இன்னும் அரை மாதம். வீட்டுக்காரர் கையில் இருந்தாலும் அது வாடகைக்காரரின் பணம். சேதத்துக்குப் பிணையாக நிற்கிறதே தவிர, வீட்டைப் புதுப்பிக்கும் நிதி அல்ல. ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், ஏர்கோன் தண்ணீர் சொட்டி லாமினேட் பலகை நான்கு ஓரம் உப்பியிருந்தால், கூடம் முழுக்க மாற்றும் கொட்டேஷனே நீட்டப்படுகிறது.

மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. அதுவரை கையெழுத்திட்ட ஒப்பந்தமும் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும்தான் கதி. அச்சட்டத்தின் 74ஆவது பிரிவு, ஒப்பந்த மீறலால் இயல்பாக விளைந்த இழப்புக்கே ஈடு தருகிறது. ஆறு வருடம் மிதிபட்ட தரை கெட்டால், இழந்தது ஆறு வருடத் தரையைத்தான். புதிதாகப் போட 2,400 ரிங்கிட் ஆகும், பத்து வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், மிச்ச மதிப்பு 960 ரிங்கிட். வெயிலில் நிறம் மங்கிய பார்க்கேயும், நடந்து நடந்து மெருகு போன வாசற்படிப் பக்கமும் தேய்மானம். அதற்கு ஒரு காசும் பிடிப்பது நியாயமில்லை. விரிவதற்கு இடைவெளி விடாமல் பதித்த டைல் தானாகவே மேலெழும்பி வெடிக்கும். அது பதித்தவர் குறை. அலமாரியை இழுத்துப் போட்ட நீளக் கீறல் வேறு விஷயம்.

அதே நிறத்தில் பலகை இப்போது கிடைக்காதே என்பார் வீட்டுக்காரர். நியாயமான கேள்விதான். ஒட்டுப்போட்ட கூடத்தைப் பார்த்து அடுத்தவர் முகம் சுளிப்பார். கூடம் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கலாம். அப்போதும் பழைய தரைக்குப் பதில் புதுத்தரை கிடைக்கும் லாபத்தைக் கழித்தாக வேண்டும். இன்னொரு வாதம் சற்றுக் கனமானது: கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவின்கீழ் எல்லா வழக்கிலும் உண்மை நட்டத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. ஆனால் அது ஒப்பந்தத்திலேயே முன்கூட்டி எழுதிய தொகையைப் பற்றியது. அத்தொகையும் நியாயமானதாக இருக்க வேண்டும் என்பதை நீதிமன்றம் கைவிடவில்லை. பழுதுச் செலவைக் கழிக்கலாம் என்று மட்டும் எழுதியிருந்தால், செலவைக் காட்டத்தான் வேண்டும்.

காட்டுவதற்குப் புகைப்படம் வேண்டும். குடிபுகுந்த நாளில் இருவரும் சேர்ந்து, அறை அறையாக, தேதியோடு எடுத்தது. அது இல்லாத வீட்டுக்காரருக்குக் கீறல் எப்போது விழுந்தது என்று சொல்லவே வழியில்லை. 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சிறு கோரிக்கை நடைமுறையில் கொண்டுபோகலாம். இரண்டு மாத முன்பணம் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். போவதற்குமுன் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. அபராதத்தோடு கட்டிய பிறகே அது செல்லும்.