நெடுந்தீவில் சைக்கிள் வாடகைத் தொழில்: படகு நேரத்தை அறிந்து முதல் போடுங்கள்

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தீவுகளுக்குத் தமது நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லெய்டன் ஆனது. காரைநகர் அம்ஸ்டர்டாம் ஆனது. நயினாதீவு ஹார்லெம் ஆனது. இன்றும் வழக்கில் நிற்பது நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும்தான். அந்தப் பெயர் வந்த நாட்டில் இன்று மக்களை விடச் சைக்கிள்கள் அதிகம். நமது டெல்ஃப்டும் சைக்கிளுக்கு ஏற்ற இடமே. சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்பு, மேடு பள்ளமில்லாத தரை, மிகக் குறைந்த வாகன ஓட்டம். அப்படியானால் அங்கு சைக்கிள் வாடகைக்கு விடும் தொழில் சிறு வர்த்தகருக்குக் கைகொடுக்குமா? இந்த வாரம் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பாதை எப்படி?

யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் மண்டைதீவுச் சந்தி. பிறகு அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை. அங்கிருந்து கடலின் நடுவே செல்லும் தாம்போதி வழியாகப் புங்குடுதீவு. கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. எல்லாமாக ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வழியில் சாட்டிக் கடற்கரையில் இளைப்பாறலாம். திரும்பும்போது அதே வழியில் வர விரும்பாதவர்கள் ஊர்காவற்றுறைக்குச் சென்று, பாதைப் படகில் காரைநகருக்குக் கடந்து, கசூரினா கடற்கரையைப் பார்த்துவிட்டுப் பொன்னாலைப் பாலத்தால் யாழ் நகரை அடையலாம்.

காற்றைக் கவனிக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் குறிகட்டுவான் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. வாடைக் காலத்தில் இது மாறும். தாம்போதியில் காற்றை மறைக்க ஒரு மரமும் இல்லை. மழை ஓய்ந்து வெயில் ஏறுமுன் உள்ள தை, மாசி மாதங்களே ஓட்டத்துக்கு நல்லவை.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் சுமார் ஒரு மணி நேரம். இறங்கும் துறை மாவிலித்துறை. அங்கிருந்து இரண்டு சுற்றுக்கள் உண்டு. குறுஞ்சுற்றில் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, பெருக்கமரம் ஆகியவற்றைப் பார்க்கலாம். நெடுஞ்சுற்று தெற்கு, மேற்குப் புறங்களுக்குப் போவது. வெடியரசன் கோட்டை, ஒல்லாந்தர் காலக் குதிரை லாயம், சாறாப்பிட்டிக் கிணறுகள், குவிந்தா கோபுரம், வெளியில் மேயும் குதிரைகள் ஆகியவை இதில் அடங்கும். பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள் எல்லா ஒழுங்கையிலும் உண்டு. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் எல்லையை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

விற்பனைக்கு உள்ளது நாலைந்து மணி நேரம்

காலைப் படகில் போய்ப் பிற்பகல் படகில் திரும்புபவருக்குத் தீவில் கிடைப்பது நாலைந்து மணி நேரம் மாத்திரமே. கால்நடையாக எல்லாம் பார்க்க முடியாது. ஓட்டோவும் பிக்கப்பும் விரைவாகக் காட்டிவிடும், ஆனால் தனியாள் ஒருவருக்கு அந்தக் கூலி பெரிது. சைக்கிளுக்குரிய வாடிக்கையாளர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறார். அவர் படகைத் தவறவிட்டால் உங்கள் பெயர் கெடும். ஆகவே கடையில் இருக்க வேண்டிய முதல் பொருள், அன்றைய கடைசிப் படகின் நேரத்தை எழுதிய பலகை. நேரம் மாறக்கூடியது, தினமும் துறையில் கேட்டு எழுத வேண்டும். குறுஞ்சுற்றுக்கு எத்தனை மணி, நெடுஞ்சுற்றுக்கு எத்தனை மணி, லுஹர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு நேரம் என்பதையும் அதிலேயே காட்டலாம்.

இந்தோனேசியாவின் லொம்பொக் தீவுக்கு அருகில் கிலி திராவங்கான் என்றொரு சிறு தீவு இருக்கிறது. அங்குள்ள சாசாக் மக்கள் முஸ்லிம்கள். பெற்றோல் வாகனத்துக்கு அங்கு இடமில்லை. வருபவர்களைச் சுமப்பது வாடகைச் சைக்கிளும் குதிரை வண்டியும்தான். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் 1995இல் சைக்கிள் பாதைச் சந்திகளுக்கு இலக்கமிட்டார்கள். இலக்கங்களை வரிசையாகக் குறித்துக்கொண்டால் வழிகாட்டி தேவையில்லை. அந்த முறை பின்னர் ஒல்லாந்திலும் பரவியது. நெடுந்தீவுச் சந்திகளுக்குப் பிரதேச சபையின் அனுமதியோடு இலக்கப் பலகை வைப்பது பெரிய செலவான காரியம் அல்ல.

கணக்கு என்ன சொல்கிறது?

கீழுள்ள தொகைகள் கணக்குக்காக எடுத்தவை, சந்தை விலை அல்ல. உங்கள் விலைகளைப் போட்டு மீண்டும் கணக்கிடுங்கள்.

ஒரு சைக்கிள் 40,000 ரூபா, பத்துச் சைக்கிள், உதிரிப் பாகம் 50,000 ரூபா. முதலீடு 4,50,000 ரூபா. நாள் வாடகை 500 ரூபா. வார இறுதி, பாடசாலை விடுமுறை என்று பார்த்து, மழையும் கடற் கொந்தளிப்பும் போக ஆண்டுக்கு 120 நாள் என்று வைப்போம். சராசரியாக நாளொன்றுக்கு ஐந்து சைக்கிள் ஓடினால் வருமானம் 3,00,000. திருத்தச் செலவு 60,000. நாலு வருட ஆயுள் என்றால் தேய்மானம் ஆண்டுக்கு ஒரு இலட்சம். மிச்சம் 1,40,000.

இப்போது ஐந்து சைக்கிளோடு தொடங்குங்கள். முதலீடு உதிரிப் பாகத்தோடு 2,25,000. ஐந்தில் நாலு ஓடினால் வருமானம் 2,40,000. திருத்தம் 30,000, தேய்மானம் 50,000. மிச்சம் 1,60,000. பாதி முதலில் கூடுதல் இலாபம்! சும்மா நிற்கும் சைக்கிளையும் உப்புக் காற்று தின்னும் என்பதே காரணம்.

துருதான் இந்தத் தொழிலின் பெரும் பகை. செயினுக்கும் கம்பிகளுக்கும் எண்ணெய் தவறக்கூடாது. இரும்பு ரிம்மை விட அலுமினிய ரிம் நல்லது. நன்னீர் அருமையான தீவில் தினமும் கழுவ முடியாது, உலர்ந்த துணியால் துடைக்கலாம். பவளக்கல் துண்டும் முள்ளும் நிறைந்த பாதைக்கு அகலமான டயர் தேவை. ஒரு டியூப் இல்லையென்றாலும் அது படகேறி வரும்வரை ஒரு சைக்கிளின் வாடகை நட்டம்.

யாரோடு சேர்வது?

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தீவுக் கடையைப் பார்க்க இயலாது. தீவிலேயே வாழும் ஒருவரின் கையும் கண்ணும் வேண்டும். நமது ஷரீஅத்தில் இதற்கு வழி உண்டு. ஒருவர் பணம் போட, மற்றவர் உழைப்பது முழாரபா. இலாபத்தை விகிதத்தில் பேச வேண்டும். "மாதம் இவ்வளவு கட்டாயம் தா" என்று நிலையான தொகை கேட்பது கூடாது. உழைப்பவரின் கவனக்குறைவு இல்லாமல் நட்டம் வந்தால் பண நட்டம் முதல் போட்டவருக்கு, உழைப்பு நட்டம் உழைத்தவருக்கு.

வாடிக்கையாளருடன் செய்வது இஜாரா, அதாவது வாடகை ஒப்பந்தம். தொகையும் நேரமும் முதலிலேயே தெளிவாக இருக்க வேண்டும். அவர் ஒழுங்காக ஓட்டியும் செயின் அறுந்தால் செலவு உங்களுடையது. கடலுக்குள் இறக்கிப் பழுதாக்கினால் அவருடையது. கொடுக்கும்போது சைக்கிளின் நிலையை இருவரும் பார்த்து எழுதிக்கொண்டால் துறையில் வாக்குவாதம் வராது. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. அந்தப் பழக்கம் இங்கும் காக்கும். ஒப்பந்தத்தை ஊர் ஆலிம் ஒருவரிடம் காட்டிக்கொள்வதும் நல்லது.

மேலே சொன்ன 1,60,000 ரூபாவைச் சரிபாதியாகப் பிரித்தால் தீவுப் பங்காளிக்கு ஆண்டுக்கு 80,000. ஒரு குடும்பம் இதில் மட்டும் வாழ முடியாது. எனவே ஏற்கெனவே சிறு கடையோ தேநீர்க் கடையோ வைத்திருப்பவரைத் தேடுங்கள். சைக்கிள் எடுக்க வருபவர் தண்ணீரும் பனம் பண்டமும் வாங்குவார். வார நாட்களில் ஆசிரியர்களுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் மாத வாடகைக்குக் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது நமது வர்த்தகர்கள் இழந்தது கடையை மட்டுமல்ல, அயலாரோடு தலைமுறைகளாக இருந்த கொடுக்கல் வாங்கலையும்தான். மீண்டு சென்று கடை திறந்தவர்களுக்குத் தெரியும், பழைய கட்டடத்தைத் திருத்துவதை விட அந்த நம்பிக்கையைத் திருத்துவது கடினம். நெடுந்தீவு மக்களும் இழப்பை அறிந்தவர்களே. 1985 மே 15இல் குமுதினிப் படகில் நடந்த படுகொலையை அவர்கள் மறக்கவில்லை. அப்படிப்பட்ட தீவுக்கு வெளியிலிருந்து பணத்தோடு வந்து இலாபத்தை மட்டும் எடுத்துச் செல்பவரை அவர்கள் சந்தேகிப்பது நியாயம். தீவுக்காரரைக் கூலிக்கு வைக்காமல் பங்காளியாக்கி, கணக்கை மாதாமாதம் அவர்முன் விரித்து வைத்தால், ஐந்து சைக்கிள் இலாபத்தோடு நல்ல பெயரையும் சம்பாதிக்கும்.

ஆகவே சைக்கிள் வாங்குமுன் ஒரு தடவை காலைப் படகில் போய், இரு சுற்றையும் நீங்களே ஓட்டி, பிற்பகல் படகில் திரும்புங்கள். எத்தனை பேர் இறங்குகிறார்கள், எத்தனை பேர் ஓட்டோ ஏறுகிறார்கள் என்று எண்ணுங்கள். பிறகு முதலைத் தீர்மானியுங்கள். ஹலாலான உழைப்பில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக.