இரண்டாவது அணி எதற்கு?

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில், கூடைப்பந்து ஆடும் எந்தக் காலனியிலும் ஒரே பிரச்சினைதான். கோடைப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் இருபது பேர், பனியன் பன்னிரண்டு. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்பிவிடுவது? நெடுநெடுவென்று வளர்ந்த நாலு கல்லூரிப் பையன்களைச் சேர்த்துக்கொண்டால் அடுத்த போட்டியிலேயே கோப்பை கிடைக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளையே ஆடவிட்டால் இரண்டு வருஷம் தோற்க வேண்டியிருக்கும். வீட்டுக்குள் இதே கேள்வி வேறு உருவத்தில் வரும்: "ஒன்பதாவது வந்தாச்சு, இன்னும் பந்தைத் தூக்கிக்கொண்டு போகணுமா?"

பாலாநகர் வட்டாரத்துக்கு நம்மவர்களில் பலர் தொழிற்சாலை வேலையை நம்பி வந்தவர்கள். 1960களில் ஐ.டி.பி.எல்., எச்.ஏ.எல். என்று ஒவ்வொன்றாக எழும்பின. அக்காலப் பொதுத்துறைக் குடியிருப்புகளில் வீட்டோடு ஒரு திடலும் இருக்கும். இப்போது அடுக்குமாடிகளுக்கு நடுவே மிஞ்சிய இடத்தில் ஒரு கம்பமும் வளையமும் நட்டால் போதும். கிரிக்கெட்டுக்கு வேண்டிய மைதானம் இதற்கு வேண்டாம். ஆகவே கூடைப்பந்துக்குப் பிள்ளைகள் வருவார்கள். வந்தவர்களை என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஆட்டம் பத்து நிமிடம் வீதம் நான்கு பகுதி, ஆக 40 நிமிடம். களத்தில் ஐந்து பேர். மொத்தம் 200 ஆட்ட நிமிடங்கள்தான் ஒரு பயிற்சியாளரின் கையிருப்பு. பெரிய ஐவரும் ஆளுக்கு 30 நிமிடம் ஆடினால் 150 போய்விடும். மீதி ஐம்பதை ஏழு பேர் பங்கு போட்டால் தலைக்கு ஏழு நிமிடம். ஏழு நிமிடத்தில் ஒரு பிள்ளை என்ன கற்றுக்கொள்ள முடியும்? ஒரு பந்தைத் தவறவிட்டாலே வெளியே கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் பந்து வந்தவுடன் அடுத்தவரிடம் தள்ளிவிடத்தான் கற்றுக்கொள்ளும்.

பணத்தில் புரளும் அமெரிக்க என்.பி.ஏ. அணிகளுக்கும் இதே நெருக்கடி உண்டு. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் கதை நமக்கு நல்ல பாடம். ஸ்டீஃபன் கரி ஆடும் அந்த அணி, முக்கிய ஆட்டக்காரர்கள் காயப்பட்டுக் கிடந்த 2019–20 பருவத்தில் 15 ஆட்டம் வென்று 50 தோற்றது. அங்கே ஒரு ஏற்பாடு: தோற்ற அணிகளுக்குப் புதிய இளைஞர்களைப் பொறுக்கியெடுக்கும் வரிசையில் முன்னிடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். 2020இல் இரண்டாவது ஆளாக ஜேம்ஸ் வைஸ்மன் என்ற ஏழடி உயரப் பையனை எடுத்தார்கள். கல்லூரியில் அவன் ஆடியிருந்தது மூன்றே ஆட்டம். மூத்தவர்களைக் கொண்டு கோப்பை வெல்வோம், கூடவே இளையவர்களையும் வளர்ப்போம் என்று இரண்டு தண்டவாளத்தில் வண்டி ஓட்டினார்கள். 2022இல் கோப்பையும் வந்தது. ஆனால் வைஸ்மன் அந்தப் பருவம் முழுதும் முழங்கால் காயத்தால் ஆடவில்லை. திரும்பி வந்தபோது, ஜெயித்தே ஆகவேண்டிய அணியில் அவன் தப்பு செய்து கற்றுக்கொள்ள நேரமில்லை. மொத்தம் 60 ஆட்டம் ஆடியபின் 2023 பிப்ரவரியில் வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதே அணியில் 2019இல் இருபத்தெட்டாவது ஆளாக எடுக்கப்பட்டவர் ஜோர்டன் பூல். முதல் வருஷம் மூன்று முறை எறிந்தால் ஒன்றுதான் வளையத்துக்குள் விழுந்தது. ஆனால் அது அணி தோற்றுக்கொண்டிருந்த வருஷம். இழக்க ஒன்றுமில்லாததால் அவருக்கு நிறைய நிமிடம் கிடைத்தது. மறு வருஷம் சாந்தா குரூஸ் என்ற அவர்களுடைய இரண்டாவது அணிக்கு அனுப்பினார்கள். அங்கே தினமும் பந்து அவர் கையில்தான். திரும்பி வந்து 2021–22இல் ஆட்டத்துக்குச் சராசரி 18.5 புள்ளி எடுத்தார். பந்தை நின்று எறியும் ஃப்ரீ த்ரோவில் அந்த ஆண்டு லீகிலேயே அவர்தான் முதலிடம். கோப்பையில் அவருக்குப் பெரிய பங்கு.

வைஸ்மனையும் பின்னால் சாந்தா குரூஸுக்கு அனுப்பினார்கள்தான். காலம் கடந்துவிட்டது, காயமும் சேர்ந்துகொண்டது. திறமை இருவரிடமும் இருந்தது. ஒருவருக்கு ஆட்ட நிமிடம் உரிய நேரத்தில் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

மைக்கேல் ஜோர்டனைப் பள்ளி அணியிலிருந்து துரத்திவிட்டார்கள் என்று ஒரு கதையை மேடைதோறும் கேட்டிருப்பீர்கள். நடந்தது வேறு. 1978இல் வட கரோலினாவின் லேனி பள்ளியில், பெரிய அணிக்கு அவரைவிட உயரமான ஒரு வகுப்புத் தோழனை எடுத்தார்கள். அப்போது ஜோர்டனின் உயரம் ஐந்தடி பத்து அங்குலம்தான். அவரை இளையோர் அணியில் ஆடவிட்டார்கள். பெரிய அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்குப் பதில் அங்கே ஆட்டம் முழுக்க ஆடினார். கடைசியில் ஆறடி ஆறு அங்குலம் வளர்ந்தார். பயிற்சியாளர் செய்தது சரியான காரியம் என்பேன்.

வளர்ச்சி என்றதும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெண் குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு வயதிலும் பையன்கள் பதினான்கு வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். ஆளுக்கு ஆள் இது ஒன்றிரண்டு வருஷம் முன்பின் ஆகும். பதின்மூன்று வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவனுக்குக் குரலே உடைந்திருக்காது. இருவரையும் நிறுத்திவைத்து நெட்டையனை எடுப்பது, சீக்கிரம் பழுத்த பழத்தைத் தேர்வு செய்வது போல. பிறந்த மாதமும் இதில் விளையாடுகிறது. கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்தநாளை ஆராய்ந்து 1985இல் வெளியிட்டார். தேர்வானவர்களில் வருஷத் தொடக்கத்து மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி. வயது வரம்பு ஜனவரியில் தொடங்குவதால் அவர்கள் சில மாதம் மூத்தவர்கள், அவ்வளவுதான். (நம் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பள்ளிச் சான்றிதழில் ஜூன் மாதப் பிறந்தநாள். அந்தக் கணக்கை வைத்து யாரும் ஆராய்ச்சி செய்யாதிருக்கட்டும்.)

உயரம் மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங், லூதியானா அகாடமியில் பயின்று, 2010இல் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவுக்குப் பயிற்சிக்குப் போனார். ஏழடிக்கு மேல் உயரம். 2015இல் டல்லஸ் அணி அவரை 52ஆவது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து டிராஃப்டில் தேர்வான முதல் ஆள் அவர். அவர்களுடைய இரண்டாவது அணியில் ஆடினாரே தவிர, என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. பிற்பாடு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

இதற்கு மறுபக்கம் சென்னையின் அனிதா பால்துரை. பத்தொன்பது வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவி. பிள்ளை பெற்றபின் திரும்பி வந்து, 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் பி பிரிவை இந்தியா வென்றபோதும் அணியில் இருந்தார். தெற்கு ரயில்வேயில் வேலை, 2021இல் பத்மஸ்ரீ. ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆளெடுக்கும் நிறுவனங்கள் இல்லாவிட்டால் நம் நடுத்தரக் குடும்பங்களிலிருந்து இப்படி ஒருவர் பதினெட்டு வருஷம் ஆடியிருக்க முடியுமா என்பது சந்தேகமே. நமக்குப் பக்கத்திலேயே செகந்திராபாத்தில் தென் மத்திய ரயில்வேயின் தலைமையகம் இருக்கிறது. ஆனால் பெற்றோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அந்த வேலைகள் மிகச் சிலவே. மாநிலம், தேசியம் என்ற அளவில் ஆடியவர்களுக்கே. அதை மட்டும் நம்பி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் படிப்பைத் தள்ளிவைக்கக் கூடாது.

ஹைதராபாத்தில் உண்மையான வெட்டு இன்டர்மீடியட்டில்தான் விழுகிறது. காலையிலிருந்து இரவு வரை வகுப்பு நடத்தும் தனியார் கல்லூரிகள் பலவற்றில் திடலே கிடையாது. பிள்ளை பத்தாவது முடிக்கும் முன்பே, தொடர்வதா வேண்டாமா என்று பயிற்சியாளரும் பெற்றோரும் பிள்ளையும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். கல்லூரிப் பணம் கட்டியபின் பேசிப் பயனில்லை.

என் யோசனை இது. பதினான்கு வயதுக்குள் யாரையும் நீக்க வேண்டாம். ஒரே விளையாட்டில் முடங்குவதையே பதினான்குக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள் என்று என்.பி.ஏ.வும் அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பும் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. பெரிய பையன்களைச் சேர்க்க ஆசையா, தாராளமாகச் சேருங்கள். அவர்கள் முதல் அணி. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டாவது அணி அமைத்து, பக்கத்துக் காலனிப் பிள்ளைகளோடு மாதம் இரண்டு ஆட்டம் வைத்தால் 200 நிமிடமும் அவர்களுக்கே. பனியன் இல்லாவிட்டால் பனியன் இல்லாமலே ஆடட்டும். சிறுவர்களுக்கு ஐந்தாம் நம்பர் பந்து கொடுங்கள். ஏழாம் நம்பரைக் கொடுத்தால் தோளால் தள்ளி எறியும் பழக்கம் வந்துவிடும், பிறகு போகாது.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வாரம் ஒருமுறை ஆளுக்கு இருபது ஃப்ரீ த்ரோ. எத்தனை விழுந்தது என்று எழுதுங்கள். ஜூனில் ஆறு, அடுத்த ஜூனில் பன்னிரண்டு என்றால் உயரம் எதுவானாலும் அந்தப் பிள்ளையை விடாதீர்கள். பத்திலேயே நிற்பவன் நெட்டையனானாலும் காரணத்தைக் கேளுங்கள். முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றால் வேகமாக வளரும் வயதில் அது வருவதுண்டு. ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், சோம்பேறி என்று திட்டாதீர்கள்.

பதினாறு வயதில் சிலரிடம் "முதல் அணிக்கு நீ வரமுடியாது" என்று சொல்லத்தான் வேண்டியிருக்கும். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல், தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர்களில் சிலருக்கு ஸ்கோர் எழுதவும், கடிகாரம் பார்க்கவும், விசில் ஊதவும் பிடிக்கும். இரண்டாவது அணியின் ஆட்டங்களுக்கு அந்த மேசையில் எப்போதும் ஆள் குறைவுதான்.