பயணத்துக்கு ஒரு பவர் பேங்க்: பெரிய இலக்கமா, சரியான நிறையா?

வியாபார விடயமாக வெளியூர் செல்பவரின் பையில் இன்று குறைந்தது இரண்டு கையடக்கத் தொலைபேசிகள் இருக்கின்றன. ஊரூராகச் சென்று கடைகளுக்குச் சரக்குப் போடுபவர்களிடம் பில் அடிக்கும் சிறிய புளூடூத் பிரிண்டரும் இருக்கும். குவாங்சோ, யீவு சந்தைகளுக்குப் போய் வருவோரின் நிலை இன்னும் இறுக்கமானது. சீனாவில் கடையிலும் டெக்ஸியிலும் பணம் கொடுப்பது பெரும்பாலும் அலிபே, வீசெட் மூலமே. அங்கே தொலைபேசி அணைந்தால் மொழிபெயர்ப்பும் இல்லை, காசும் இல்லை.

ஆகவே நல்லதொரு பவர் பேங்க் அவசியம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. 'எத்தனை ஆயிரம் மில்லி அம்பியர்?' என்றுதான் எல்லோரும் என்னிடம் ஆரம்பிக்கிறார்கள். 'எத்தனை வொட் மணித்தியாலம்?' என்று கேளுங்கள் என்பதே எனது பதில்.

கணக்கு இதுதான்

மில்லி அம்பியர் மணித்தியாலம் என்பதையே கடைப் பேச்சில் மில்லி அம்பியர் என்று சுருக்கிச் சொல்கிறோம். பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் இந்த இலக்கம் உள்ளேயுள்ள பற்றரியின் 3.7 வோல்ட் அளவில் கணக்கிடப்பட்டது. வெளியே வரும் மின்சாரமோ 5 வோல்ட் அல்லது அதற்கு மேல். அவ்வாறு மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. எனவே ஆயிரங்களை 3.7 ஆல் பெருக்கி வொட் மணித்தியாலத்தைப் பாருங்கள். 10,000 என்றால் 37. 20,000 என்றால் 74. இதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைச் சேதாரமாகக் கழித்து விடுங்கள்.

5,000 மில்லி அம்பியர் பற்றரியுள்ள தொலைபேசிக்கு ஒரு தடவை முழுமையாகச் சார்ஜ் ஏற்றச் சுமார் 19 வொட் மணித்தியாலம் தேவை. ஆக, 10,000 உள்ளது ஒன்றரைத் தடவைக்குப் போதும். 20,000 உள்ளது மூன்று தடவைக்குப் போதும். இரண்டு தொலைபேசியும் ஒரு பிரிண்டருமாகப் பயணிப்பவருக்கு 20,000 தாராளம்.

தராசு பொய் சொல்லாது

சந்தையில் 50,000 என்று அச்சிட்ட பவர் பேங்க்குகள் மலிவு விலையில் கிடைக்கின்றன. நாம் வியாபாரிகள்; நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள். பற்றரிக்கு நிறை உண்டு. உண்மையான 10,000 சுமார் 200 கிராம் இருக்கும். 20,000 சுமார் 350 கிராமோ அதற்கு மேலோ இருக்கும். அந்தக் கணக்கில் 50,000 ஏறத்தாழ ஒரு கிலோவாவது நிறுக்க வேண்டும். 250 கிராமில் 50,000 தருவதாக ஒருவர் சொன்னால், உள்ளே இருப்பது பத்தாயிரத்துச் சொச்சம்தான்.

இந்தப் பொய்யால் வரும் நட்டம் இரட்டிப்பானது. விமான நிலையத்தில் அதிகாரி பார்ப்பது அச்சிட்ட இலக்கத்தை. 50,000 என்றால் 185 வொட் மணித்தியாலம். 100 வரை உள்ளதைக் கைப்பையில் கொண்டு போகலாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், 160க்கு மேல் கொண்டுபோகவே முடியாது என்பது பொதுவான விதி. உள்ளே சரக்கும் இல்லை, வெளியே இலக்கமோ தடை செய்யப்பட்டது. கொடுத்த காசு குப்பைத் தொட்டிக்குத்தான்.

விமானத்தில் ஏறுமுன்

பவர் பேங்க்கைப் பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பக் கூடாது. கைப்பையில்தான் இருக்க வேண்டும். 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் எயார் பூசான் விமானமொன்று புறப்படுமுன் தீப்பற்றியது. மேல் தட்டில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் கூறப்பட்டது. அதன் பின்னர் பல நாடுகள் கட்டுப்பாடுகளை இறுக்கின. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க் பாவிப்பதைத் தடை செய்தது. எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒன்று, அதுவும் 100 வொட் மணித்தியாலத்துக்கு உட்பட்டது, விமானத்துக்குள் பாவிக்கக் கூடாது என்று அறிவித்தது.

சீனா செல்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 ஜூன் 28 முதல், அந்நாட்டின் 3சி தரச் சின்னம் இல்லாத அல்லது சின்னம் தெளிவாகத் தெரியாத பவர் பேங்க்குகளை அங்குள்ள உள்நாட்டு விமானங்களில் கொண்டு செல்வது தடுக்கப்பட்டது. இங்கிருந்து குவாங்சோ வரை பிரச்சினையின்றிப் போன பவர் பேங்க், அங்கிருந்து யீவுக்கு உள்நாட்டு விமானம் ஏறும்போது பறிபோகலாம். சின்னம் இல்லாவிட்டால் அங்கு இறங்கியதும் 3சி உள்ளதொன்றை வாங்குவது நல்லது. அல்லது ரயிலில் போகலாம்; எனினும் ரயிலுக்குரிய விதியையும் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் எடுக்கும்போதே விசாரிப்பது உசிதம்.

பல சாதனங்களுக்கு

மூன்று துளைகள் இருந்தால் மூன்றுக்கும் முழு வேகம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். மொத்த வொட் அளவு எல்லாவற்றுக்கும் பங்கிடப்படும். தனித்தனி அளவு பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டு தொலைபேசிகளுக்கு மொத்தம் 30 வொட் இருந்தால் நன்று. லெப்டொப் கொண்டு போவோர் டைப் சி துளையில் 45 முதல் 65 வொட் வரை தரக்கூடியதைத் தேட வேண்டும்.

பிரிண்டர், இயர்போன் போன்றவை எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. சில பவர் பேங்க்குகள் எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணித் தாமாகவே அணைந்து விடும். குறைந்த மின்னோட்டத்துக்கான வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

பவர் பேங்க்கை நிரப்ப எடுக்கும் நேரமும் முக்கியம். 20,000 உள்ளதை 10 வொட் சார்ஜரில் நிரப்ப எட்டு, ஒன்பது மணித்தியாலம் செல்லும். 20 வொட் என்றால் சுமார் ஐந்து மணித்தியாலம். விடுதியில் ஓர் இரவு மட்டும் தங்குபவருக்கு இது பெரிய வித்தியாசம்.

வீங்கியதை, கீழே விழுந்து நசுங்கியதைப் பாவிக்க வேண்டாம். வெயிலில் நிறுத்திய வாகனத்தில் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம்.

இப்பொருளை விற்கும் நமது வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. வொட் மணித்தியாலம் அச்சிடப்படாத சரக்கை இறக்காதீர்கள். அதன் பொய் இலக்கத்தால் விமான நிலையத்தில் அவமானப்படும் வாடிக்கையாளர், தயாரித்த தொழிற்சாலையை அறியமாட்டார். அவருக்குத் தெரிந்தது உங்கள் கடைதான்.