உளவளத்துணை நாடுமுன்

'கவுன்சலிங்' என்பதை நம்மவர் 'ஆலோசனை' என வழங்குகின்றனர். இச்சொல்லே பலரை ஏமாற்றிவிடுகிறது. ஆலோசனை பெறச் செல்வோர், முதல் நாளிலேயே "இதைச் செய், இதைச் செய்யாதே" என்னும் தீர்ப்பை எதிர்பார்க்கின்றனர். அது கிட்டாதபோது, பணம் வீணாயிற்றென்று மறுமுறை செல்வதில்லை. இலங்கைத் தமிழர் வழங்கும் 'உளவளத்துணை' என்பதோ செயலுக்குப் பொருந்திய சொல். முடிவு நம்முடையது, அதை எண்ணிப் பார்க்கும் உளவலிமைக்கு எதிரே இருப்பவர் துணை. அவ்வளவே.

தனியாரிடம் செல்வோர் இன்னொன்றும் அறிதல் நன்று. மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டப்படி, அதற்குரிய வாரியத்தில் பதிவு பெற்று, தொழில் நடத்தும் சான்றிதழும் உடையவரே கவுன்சலராகப் பணிபுரியலாம். (நகராண்மைக் கழக 'கவுன்சிலர்' வேறு!) ஆகவே பதிவைப் பற்றி வினவுதல் அவமதிப்பு ஆகாது. மருந்தெழுதும் உரிமை இவர்க்கில்லை. அது மருத்துவர்க்கே உரியது.

கட்டணத்தையும் அமர்வின் கால அளவையும் முன்னரே கேட்டுக்கொள்க. சொன்னவை வெளியே செல்லுமோ என்னும் அச்சம் நம்மிடையே பெரிது. அவற்றை மறைவாகக் காப்பது அவர் கடமை. உயிருக்கு ஆபத்து நேருங்கால் அதற்கு விலக்குண்டு. எவ்வெவ்விடத்து விலக்கு என்பதை முதல் அமர்விலேயே கேட்டுத் தெளியலாம். மாணவரை அனுப்பும் ஆசிரியர்க்கு இது மிகவும் வேண்டுவது.

மொழியையும் மறத்தலாகாது. "நெஞ்சு பாரமாக இருக்கிறது" என்று நம் தாய்மார் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால், அது மார்பு நோயாகிவிடும். தமிழில் பேச இயலுமா என்பதை நாள் குறிக்கும்போதே கேட்டுவிடுக.