கூவிய பிறகு தெரிவது

முட்டைக்காக வாங்கும் வண்ணக் குஞ்சுகள் சேவல்களாகவே வளர்வது தற்செயல் அல்ல

பச்சை, ரோஜா, ஊதா, ஆரஞ்சு. அட்டைப்பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து கீச்சிடும் குஞ்சுகளோடு வியாபாரி தெருவில் நுழைந்தால் முதலில் ஓடி வருபவர்கள் குழந்தைகள். பின்னாலேயே பெரியவர்கள். புனே நகரின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள கோந்த்வா போன்ற பகுதிகளில் இந்த வியாபாரத்துக்கு இன்னமும் இடமிருக்கிறது. கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என்று சின்னதும் பெரியதுமாக இரண்டு கிராமங்களாக இருந்த ஊர் அது. இன்று அடுக்குமாடிகள் நெருக்கினாலும், இடையிடையே பழைய வீடுகளும் கொல்லைப்புறங்களும் மிச்சமிருக்கின்றன. நான்கு குஞ்சு வாங்கி விட்டால் ஆறு மாதத்தில் வீட்டுக்கு முட்டை. கணக்கு எளிமையானது. ஆனால் நான்காவது மாதத்தில் நான்கும் கூவுகின்றன.

அதிர்ஷ்டக் குறைவு என்றுதான் வாங்கியவர்கள் நினைக்கிறார்கள். உண்மை வேறு. இந்தக் குஞ்சுகள் சேவலா பெட்டையா என்று தெரியாமல் விற்கப்படுவதில்லை. தெரிந்துவிட்டதால்தான் விற்கப்படுகின்றன.

முட்டைக் கோழி இனங்களின் குஞ்சு பொரிப்பகங்களில், பொரித்த முதல் நாளே சேவல் குஞ்சுகளைப் பிரித்து ஒதுக்கிவிடுவார்கள். அவை முட்டையிடப் போவதில்லை. கறிக்கும் உதவாது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடும் பிராய்லரோடு போட்டியிட இந்த ஒல்லி இனத்தால் முடியாது. தின்னும் தீவனத்துக்குக் கறி வராது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 700 கோடி சேவல் குஞ்சுகள் இப்படிப் பிறந்த அன்றே கொல்லப்படுவதாக மதிப்பீடு. இந்தியாவில் அவற்றில் ஒரு பகுதி சாயத்தில் நனைந்து தெருவுக்கு வந்துவிடுகிறது. சாயம் பூசுவது குழந்தைகளைக் கவர்வதற்குத்தான் என்றாலும், பிரித்தெடுத்த கழிவு இது என்பதையும் அது சௌகரியமாக மறைத்துவிடுகிறது.

இந்தியக் கோழித் தொழிலின் வரைபடத்தில் புனேக்குப் பெரிய இடம் உண்டு. டாக்டர் பி.வி. ராவ் 1971-ல் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் குழுமத்தின் தலைமையகம் இங்கேதான். அவர் முன்னின்று 1982-ல் உருவாக்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலையைத்தான் நாமக்கல் பண்ணையாளர்களும் தினம் எதிர்பார்க்கிறார்கள். நகருக்குக் கிழக்கே உருளி காஞ்சனில் அவர் பெயரால் கோழி வளர்ப்புப் பயிற்சி நிறுவனமே இருக்கிறது. இவ்வளவு பெரிய தொழிலின் அஸ்திவாரம், உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு குஞ்சின் பாலை ஒரு நொடியில் கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

அது சுலபமல்ல. கோழிக்கு வெளியே தெரியும் ஆண்குறி கிடையாது. குஞ்சை இடது கையில் பிடித்து, எச்சத்தை மெல்லப் பிதுக்கி அகற்றி, பிரகாசமான விளக்கொளியில் கழிவுத் துவாரத்தை விரலால் விரித்தால் உள்ளே குண்டூசித் தலையளவு ஒரு புடைப்பு தெரியலாம். தெரிந்தால் சேவல் என்று முடித்துவிட முடியாது. சில பெட்டைகளுக்கும் புடைப்பு உண்டு. அதன் உருட்சி, பளபளப்பு, விறைப்பு ஆகியவற்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதுவும் பொரித்த ஒருநாள் பொழுதுக்குள். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் குஞ்சு செத்துவிடும்.

இந்த வித்தையை 1920-களில் உலகுக்குத் தந்தவர்கள் ஜப்பானியர்கள். மசுயி, ஹாஷிமோட்டோ, ஓனோ என்ற மூன்று ஆராய்ச்சியாளர்களின் கண்டுபிடிப்பு 1927-ல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த உலகக் கோழி மாநாட்டில் அறிமுகமானது. அடுத்த சில ஆண்டுகளிலேயே ஜப்பானிய நிபுணர்களை மேற்கு நாடுகள் அழைத்துக்கொண்டன. தேர்ந்தவர் மணிக்கு ஆயிரம் குஞ்சுகளைப் பிரிப்பார். நூற்றுக்கு இரண்டு தவறினால் அதிகம். 2020-ல் வந்த 'மினாரி' திரைப்படத்தில் அமெரிக்காவுக்குக் குடியேறிய கொரியத் தம்பதி செய்வது இந்த வேலைதான்.

இதைவிட எளிய வழிகளும் வந்துவிட்டன. மனிதரில் குழந்தையின் பாலைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு. கோழியில் தலைகீழ்: தீர்மானிப்பது தாயின் முட்டை. (பெண் குழந்தை பெற்றதற்காக மருமகளைத் திட்டும் மாமியார்கள் கோழிப்பண்ணையில்தான் நியாயம் கேட்க வேண்டும்.) பெட்டைக் குஞ்சுக்குத் தந்தையின் இசட் குரோமோசோம் மட்டுமே வருகிறது; சேவல் குஞ்சுக்குத் தாயிடமிருந்தும் ஒன்று வருகிறது. சிறகு வேகமாக முளைக்கும் சேவலையும், மெதுவாக முளைக்கும் பெட்டையையும் இணைத்தால், மகள்களுக்குத் தந்தையின் வேகம், மகன்களுக்குத் தாயின் நிதானம். முதல் நாளே இறக்கையை விரித்துப் பார்த்தால் பெட்டைக்கு நீண்ட சிறகுகளும் குட்டைச் சிறகுகளும் இரண்டு வரிசையாகத் தெரியும். சேவலுக்கு எல்லாம் ஒரே அளவு. இதே தர்க்கத்தில் பொன்னிறச் சேவலையும் வெள்ளி நிறப் பெட்டையையும் சேர்த்தால் பழுப்புக் குஞ்சு மகள், வெளிர்மஞ்சள் குஞ்சு மகன்.

இங்கேதான் வீட்டில் வளர்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். இந்த இறக்கைப் பரிசோதனை அதற்கென்றே இணைத்த ஜோடிகளின் குஞ்சுகளுக்கு மட்டும்தான் பொருந்தும். கொல்லையில் மேயும் நாட்டுக்கோழிக் குஞ்சின் இறக்கையை விரித்துப் பார்ப்பதும் காசைச் சுண்டிப் பார்ப்பதும் ஒன்று. கூர்முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பதும் அப்படித்தான். பழைய கிரேக்க, ரோமானிய நூல்கள்கூட முட்டை வடிவத்தில் பாலைத் தேடித் தோற்றவைதான். தமிழ் இலக்கணம் ஜாக்கிரதையாக இருந்தது. பறவைகளில் ஆணுக்குச் 'சேவல்' என்ற பெயரைத் தந்த தொல்காப்பியம், பறப்பவற்றின் இளமைக்குப் 'பார்ப்பு', 'பிள்ளை' என்பதோடு நிறுத்திக்கொண்டது. மராத்தியும் சேவலைக் 'கோம்ப்டா', பெட்டையைக் 'கோம்ப்டி' என்கிறது. குஞ்சைச் சொல்லும் 'பில்லு' மட்டும் ஆணுமல்ல, பெண்ணுமல்ல.

கொல்லைப்புறத்தில் பொறுமைதான் நிபுணர். ஐந்தாறு வாரத்தில் சேவலின் கொண்டை தடித்துச் சிவக்கத் தொடங்கும். பெட்டையினுடையது வெளிறியே இருக்கும். கால்கள் பருக்கும். ஆனால் அசில் இனத்துக்குக் கொண்டையே சிறுத்திருக்கும். கடக்நாத்துக்கோ அது கறுத்திருக்கும், சிவப்பைத் தேடிப் பயனில்லை. மூன்று மாத வாக்கில் கழுத்திலும் முதுகின் பின்பகுதியிலும் முளைக்கும் இறகுகளைப் பார்ப்பதே நம்பகமானது. சேவலுக்கு நுனி கூர்ந்து பளபளக்கும், பெட்டைக்கு நுனி வட்டமாக இருக்கும்.

அதற்குள் மூன்று மாதத் தீவனம் செலவாகியிருக்கும். முட்டைதான் குறி என்றால், தடுப்பூசி போட்டு இரண்டு, மூன்று மாதம் வளர்த்த பெட்டைகளைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே கடைசியில் மலிவு. ஐதராபாத்தில் உருவான வனராஜா போன்ற இருபயன் இனமென்றால் சேவல் வந்தாலும் நஷ்டமில்லை, கறிக்காகும். நல்ல அசில் சேவலுக்குப் பெட்டையைவிட விலை அதிகம்.

ஜெர்மனி 2022 ஜனவரி முதல் சேவல் குஞ்சுகளைக் கொல்வதைத் தடை செய்தது. பிரான்சும் அதே வழியில் போனது. அங்கே முட்டைக்குள்ளேயே பாலைக் கண்டறிந்து, சேவல் முட்டைகளைப் பொரிக்கவிடாமல் எடுத்துவிடும் கருவிகள் வந்துவிட்டன. அந்தக் கருவியின் விலைக்கு முன்னால் ஒரு பக்கெட் சாயம் எம்மாத்திரம்?

கோந்த்வா வீட்டுக்கு வந்த ரோஜா நிறக் குஞ்சு முதல் சில வாரங்களைத் தாண்டிப் பிழைப்பதே பெரிய விஷயம். பிழைத்தால், சாயமேறிய பூமயிர் உதிர்ந்து அடியிலிருந்து வெள்ளைச் சிறகு முளைக்கும். பிறகு கொண்டை சிவக்கும். பிறகொரு விடியற்காலை, பக்கத்து அடுக்குமாடியின் ஜன்னல் ஒன்று கோபமாகத் திறக்கும்.