கல்யாணமே வேண்டாம் என்றாள் எம்மா!

"எனக்குக் கல்யாணமா? ஆளை விடுங்க!" என்று ஒரு பெண் சொன்னால், "எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் எம்மா சொன்னதில் நியாயம் இருந்தது.

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றிவிட, 1811 முதல் 1820 வரை அவர் மகன் இங்கிலாந்தை ஆண்டார். அதை ரீஜன்ஸி காலம் என்பார்கள். அப்போது ஜேன் ஆஸ்டின் எழுதிய நாவல்தான் 'எம்மா'. 1815 டிசம்பரில் வெளிவந்தது.

எம்மாவுக்கு 21 வயது நிறையப் போகிறது. தாயில்லாப் பெண். பெயரில் 30,000 பவுன் சொத்து. வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அக்கால வழக்கப்படி, தனியாக எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் மனைவியின் பணம் கணவன் கைக்குப் போய்விடும். மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே என்ற சட்டம் 1882-ல்தான் வந்தது. பிறகு எதற்கு அவசரப்படுவாள்?

போதாததற்கு அப்பா வேறு! எந்நேரமும் உடம்பைப் பற்றியே கவலை. ராத்திரிக்குக் கஞ்சிதான் உத்தமம் என்பார். கல்யாண வீட்டில்கூட, "கேக் வேண்டாம், ஜீரணமாகாது" என்று தடுப்பார். இவரை யாரிடம் விட்டுப் போவது?

நைட்லி, எம்மாவின் அக்கா கணவருக்கு அண்ணன். வயது 37, 38 இருக்கும். ஒரு மைல் தள்ளிப் பெரிய பண்ணை வீடு. அவரும் கல்யாணப் பேச்சே எடுக்காதவர். "அவர் ஏன் கட்டிக்கணும்? சொத்து எங்கக்கா பிள்ளைக்கு வரட்டுமே!" என்பது எம்மாவின் கட்சி. தினமும் வருவார், பேசுவார், சண்டை போடுவார். அவளிடம் குற்றம் கண்டால் முகத்துக்கு நேரே சொல்பவர் அவர் ஒருவர்தான்.

ஒருநாள் பாக்ஸ் ஹில் மலைக்கு உல்லாசப் பயணம். கூட வந்த மிஸ் பேட்ஸ் வசதியில்லாத, கல்யாணமாகாத அம்மாள், ஓயாமல் பேசுவாள். அவளை எல்லார் முன்னாலும் எம்மா கேலி செய்துவிட்டாள். நைட்லி தனியே அழைத்துக் கண்டித்தார். பணமுள்ள கன்னிப் பெண்ணுக்கு ஊரில் மரியாதை, இல்லாதவளுக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நீயே ஆரம்பித்து வைக்கலாமா என்பதுதான் அவர் கோபம். வழியெல்லாம் அழுதாள் எம்மா. மறுநாள் காலையில் முதல் வேலையாக மிஸ் பேட்ஸ் வீட்டுக்குப் போனாள்.

பிறகு ஒருநாள் தோட்டத்தில் நைட்லி மனம் திறக்க வந்தார். அவர் வேறொரு பெண்ணைப் பற்றிச் சொல்லப் போகிறாரோ என்று பயந்து, முதலில் வாயை அடைத்தாள். அப்புறம் மனம் கேட்காமல், "சிநேகிதியாக நினைத்துச் சொல்லுங்கள்" என்றாள். பாவம், அந்தச் 'சிநேகிதி' என்ற சொல்தான் அவருக்குக் கசந்தது!

சரி, அப்பா? அவளைப் பிரிக்க மனமில்லாமல், தாமே வீட்டோடு மாப்பிள்ளையாக வருவதாகச் சொன்னார் நைட்லி. அப்போதும் கிழவர் மசியவில்லை. நல்லவேளை, அக்கம்பக்கத்தில் வான்கோழிகள் திருட்டுப்போயின! திடமான ஓர் ஆண்பிள்ளை வீட்டில் இருப்பது நல்லது என்று அவருக்கே தோன்றிவிட்டது. கல்யாணம் நடந்தது.

எழுதிய ஜேனுக்கோ கல்யாணம் ஆகவில்லை. 1802 டிசம்பரில் சிநேகிதிகளின் தம்பி அவளைக் கேட்டார். பெரிய சொத்துக்கு வாரிசு. இரவு சரி என்றவள், மறுநாள் காலையிலேயே மறுத்துவிட்டாள். எம்மாவின் 30,000 பவுன் அவளிடம் இல்லை. இருந்தும், மனம் ஒப்பாத கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத் துணிந்தாள். தன் கதாநாயகிக்கு மட்டும், திட்டவும் தெரிந்து விட்டுக்கொடுக்கவும் தெரிந்த ஒரு சிநேகிதரைத் தேடிக் கொடுத்தாள்.