காற்றாடி இழுக்கும் பலகை மணலில் ஏன் புதைவதில்லை?

சேற்று வயலில் வெறுங்காலை வைத்தால் கணுக்கால்வரை புதைகிறது. அதே சேற்றின்மேல் ஆள் ஏறி நிற்கும் பரம்புப் பலகையோ, எடையை அகலப் பரப்பிவிடுவதால், வழுக்கிக்கொண்டு போகிறது.

பெல்ஜியத்தின் டெ பானெ போன்று, கடல் உள்வாங்கும்போது அகன்று விரியும் கடற்கரைகளில், பெரிய காற்றாடி இழுக்க நான்கு சக்கரப் பலகையில் விரைவோருக்கும் இதுவே விதி: காற்றைச் சற்றுக் குறைத்த டயர் தரையில் தட்டையாகப் படிகிறது. இறுகிய ஈர மணலுக்கு 8 அல்லது 9 அங்குலச் சக்கரம் போதும். உதிர்மணலுக்கு அதனினும் பெரியது வேண்டும்.

பக்கவாட்டில் இழுக்கும் காற்றாடி பலகையை முன்னோக்கி எப்படி ஓட்டுகிறது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? சக்கரம் முன்னே எளிதில் உருளும், பக்கவாட்டில் நகர மறுக்கும். ஆதலால் இழுப்பின் முன்னோக்கிய பங்கு ஓட்டமாகிறது, மிச்சத்தை எதிர்த்து ஓட்டுபவர் குதிகாலை ஊன்றிச் சாய்கிறார்.

பலகை சாய்ந்தால் சக்கரங்கள் திரும்பும்படி அவற்றைப் பலகையோடு இணைக்கும் அச்சமைப்பே ‘டிரக்’. அது தளர்ந்திருந்தால் வேகத்தில் பலகை தள்ளாடும். எனவே வாங்குவோர் பலகையில் ஏறி நின்று, ஒரு விளிம்பைக் குதிகாலால் அழுத்தி, அது எவ்வளவு விறைப்பாகச் சாய்ந்து மீள்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்; பலகையின் நிறமும் ஓவியமும் அதற்குப் பிறகுதான்.